இயங்குதளம் மாறும் உரைக்கோப்பு: வரி முடிவும் குறியேற்றமும்

சென்னை கே.கே. நகரிலும் அதை ஒட்டிய அசோக் நகர், வடபழனி பகுதிகளிலும் தமிழில் நூலோ மலரோ அழைப்பிதழோ உருவாகும்போது, அதன் உரை பெரும்பாலும் ஒரே கணினியில் தொடங்கி அங்கேயே முடிவதில்லை. தட்டச்சு செய்பவர் விண்டோஸிலும், பக்கம் வடிவமைப்பவர் மேக்கிலும் வேலை செய்ய, அதே உரையை இணையதளத்தில் ஏற்றும் சர்வர் லினக்ஸில் இயங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. இந்தப் பயணத்தில் எழுத்துகள் சிதைந்தாலோ பத்திகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டாலோ, அந்தக் குறை எங்கே நேர்ந்தது என்று கண்டறியும் முறையையும், இழப்பின்றி உரையை மாற்றும் முறையையும் இந்த இயல் விளக்குகிறது. உரைக்கோப்பு மாற்றம் என்பது ஒரே வேலை அன்று. வரி முடிவை மாற்றுவதும் குறியேற்றத்தை மாற்றுவதும் தனித்தனி வேலைகள். இரண்டையும் குழப்பாமல், கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே கைவைப்பவருக்கு இந்த வேலை கடினமானதாக இராது.

கோப்பின் உள்ளே இருப்பவை

உரைக்கோப்பு என்பது தடித்த எழுத்து, நிறம், பக்க அளவு போன்ற அலங்காரங்கள் ஏதுமின்றி எழுத்துகளை மட்டும் கொண்ட கோப்பாகும். ஆனால் கணினியின் வட்டில் எழுத்துகள் எழுத்துகளாகச் சேமிக்கப்படுவதில்லை. 0 முதல் 255 வரையிலான எண்களின் தொடராகவே சேமிக்கப்படுகின்றன. இவ்வாறான ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட் எனப்படும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று வகுத்துக்கொண்ட உடன்பாடு குறியேற்றம் எனவும், அந்த எழுத்தைத் திரையிலோ தாளிலோ வரைந்து காட்டும் வடிவத் தொகுப்பு எழுத்துரு எனவும் வழங்கும்.

‘கே.கே. நகர்’ என்னும் பெயரையே எடுத்துக்கொண்டால் இது விளங்கும். இன்று உலகெங்கும் பயன்படும் ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் ‘கே’ என்பது 224, 174, 149, 224, 175, 135 என்னும் ஆறு பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. முதல் மூன்றும் ‘க’வையும் அடுத்த மூன்றும் ஏகாரக் குறியையும் குறிக்கின்றன. புள்ளி 46, இடைவெளி 32 என ஒவ்வொரு பைட் பெறுவதால், பெயர் முழுவதும் 27 பைட்டுகளாகிறது. அதே பெயர் ஒருங்குறியின் மற்றொரு வடிவமான யூடிஎஃப்-16இல் 22 பைட்டுகளையும், பழைய டிஸ்கி குறியேற்றத்தில் 167, 184, 46, 167, 184, 46, 32, 191, 184, 247 என்று 10 பைட்டுகளையும் மட்டுமே கொள்கிறது. திரையில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வட்டில் மூன்றும் வெவ்வேறு பொருள்கள் என்பதால், எந்தக் கோப்பையும் திரையில் தெரியும் தோற்றத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது.

வரி முடிவு

ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதும் எண்ணால்தான் குறிக்கப்படுகிறது. தொலைத்தட்டச்சுப் பொறிகளில் எழுதும் முனையை வரியின் தொடக்கத்துக்குத் திருப்புவதும், தாளை ஒரு வரி மேலேற்றுவதும் இருவேறு அசைவுகளாக இருந்தமையால், இரண்டுக்கும் தனித்தனிக் குறிகள் ஒதுக்கப்பட்டன. முன்னது 13 என்னும் எண்ணையும் (சிஆர்), பின்னது 10 என்னும் எண்ணையும் (எல்எஃப்) பெற்றது. பொறிகள் மறைந்த பின்னும் குறிகள் நீடித்தன. யூனிக்ஸும் அதன் வழிவந்த லினக்ஸும் 10 ஒன்றையே போதுமெனக் கொள்ள, டாஸும் விண்டோஸும் 13, 10 என இரண்டையும் சேர்த்து எழுதுகின்றன. ஆப்பிளின் பழைய மேக் இயங்குதளம் 9ஆம் பதிப்பு வரை 13ஐ மட்டும் பயன்படுத்தி, 2001இல் வெளிவந்த மேக் ஓஎஸ் எக்ஸ் முதல் யூனிக்ஸ் முறைக்கு மாறியது.

இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாததாயினும் விளைவுகள் தெளிவாகவே தெரியும். லினக்ஸிலிருந்து வந்த கோப்பைப் பழைய விண்டோஸ் நோட்பேடில் திறந்தால் உரை முழுவதும் ஒரே வரியாக நீண்டுவிடும். 2018இல் வெளியான மேம்பாட்டுக்குப் பிறகே நோட்பேட் மூன்று வகை வரி முடிவுகளையும் சரியாகக் காட்டத் தொடங்கியது. மறுதிசையில், விண்டோஸில் எழுதிய கட்டளைக் கோப்பை லினக்ஸ் சர்வரில் ஏற்றினால், முதல் வரியின் இறுதியில் ஒட்டியிருக்கும் 13 என்னும் குறியால் அது இயங்க மறுக்கக்கூடும். காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட பட்டியல் கோப்புகளிலோ ஒவ்வொரு வரியின் கடைசிப் புலத்திலும் அந்தக் குறி மறைந்து நிற்பதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு பெயர்கள் கணினிக்கு வேறுவேறாகிவிடும்.

வரி முடிவை மாற்றுவது எளிது. லினக்ஸிலும் மேக்கிலும் டாஸ்2யூனிக்ஸ், யூனிக்ஸ்2டாஸ் என்னும் இரு சிறு கருவிகளை நிறுவிக்கொண்டால் அவை இந்த வேலைக்குப் போதுமானவை. விண்டோஸில் நோட்பேட்++ செயலியின் திருத்தப் பட்டியலில் வரி முடிவை மாற்றும் வசதி உள்ளது. மூன்று இயங்குதளங்களிலும் கிடைக்கும் விஎஸ் கோட் செயலியில், கீழ்ப்பட்டையில் தெரியும் வரி முடிவின் பெயரைச் சொடுக்கியே அதை மாற்றலாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும் இன்றியமையாதது. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துகளின் பைட்டுகள் எல்லாம் 127க்கு மேற்பட்டவை என்பதால், 13ஐ எங்கே கண்டாலும் அது வரி முடிவாகவே இருக்கும். அதை நீக்குவதால் எழுத்து எதுவும் சிதையாது. யூடிஎஃப்-16 கோப்பிலோ ஒவ்வோர் எழுத்தும் குறியும் இரண்டு பைட்டுகளாகச் சேர்ந்து நிற்பதால், 13ஐ மட்டும் பிடுங்கினால் அதன் இணையான 0 தனித்து நின்று, அதற்குப் பிந்தைய இணைகள் யாவும் ஒரு பைட் நகர்ந்து, எஞ்சிய உரை முழுவதும் பாழாகிவிடும். எனவே குறியேற்றத்தை முதலில் யூடிஎஃப்-8க்கு மாற்றி, அதன் பிறகே வரி முடிவைத் தொடுவது பாதுகாப்பான வரிசையாகும்.

தமிழின் குறியேற்றங்கள்

தமிழ் உரைகளைப் பொறுத்தவரை கடினமான பகுதி குறியேற்றமே. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தாலும், அதைச் சரியாகக் காட்டும் இயங்குதளங்களும் செயலிகளும் பரவலாவதற்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில் எழுத்துரு நிறுவனங்களும் தனி ஆர்வலர்களும் தத்தம் குறியேற்றங்களை வகுத்துக்கொண்டமையால், ஒரு கடையில் தட்டச்சு செய்த உரை அடுத்த கடையில் திறவாத நிலை ஏற்பட்டது. இதற்குத் தீர்வு காண இணையத் தமிழ் ஆர்வலர்கள் ஒன்றுகூடி டிஸ்கியை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்திய தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாக டாப், டாம் என்னும் இரு குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் உருவாயின. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை டிஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றியது. பெரிய அளவிலான குறியேற்ற மாற்றத்துக்கு அது நல்ல முன்னுதாரணம். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாகவும் டேஸ்-16ஐ மாற்றுத் தரமாகவும் ஏற்று ஆணையிட்டது.

பழைய குறியேற்றங்களை இரு வகையாகப் பிரித்துக்கொண்டால் அடையாளம் காண்பது எளிதாகும். டிஸ்கி, டாப் போன்ற இருமொழிக் குறியேற்றங்கள் 0 முதல் 127 வரையிலான இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, அதற்கு மேற்பட்ட இடங்களில் தமிழை அமர்த்துகின்றன. ஈழத் தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல் 106, 107, 112, 111, 59 என்று சேமிக்கப்படுவதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும்.

இதிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு விதி பிறக்கிறது. பாமினி வகை எழுத்துருவில் அமைந்த ஆவணத்தில் ஆங்கிலச் சொற்களும் கலந்திருந்தால், எது தமிழ், எது ஆங்கிலம் என்று காட்டுவது எழுத்துருப் பெயர் ஒன்றே. அந்த ஆவணத்தை வெறும் உரைக்கோப்பாகச் சேமித்த கணத்தில் எழுத்துருப் பெயர் அழிந்துவிடுவதால், பின்னர் மாற்றும்போது ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாகிவிடும். ஆகவே இவ்வகை ஆவணங்களை பேஜ்மேக்கர், வேர்டு போன்ற மூலச் செயலியிலேயே திறந்து, எழுத்துருவைப் பார்த்துத் தமிழ்ப் பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுவதே முறை.

அடையாளம் காணுதல்

மாற்றும் கருவி எதுவாயினும், மூலக் குறியேற்றம் எது என்பதை அதற்குச் சரியாகச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் அது தவறாகவே, ஆனால் தயக்கமின்றி, மாற்றிவிடும். முதற்படியாக, லினக்ஸிலும் மேக்கிலும் ஃபைல் என்னும் கட்டளையை இயக்கினால், கோப்பு யூடிஎஃப்-8ஆ, யூடிஎஃப்-16ஆ என்பதும், விண்டோஸ் வகை வரி முடிவுகள் உள்ளனவா என்பதும் தெரியும். யூடிஎஃப்-8இன் பைட் அமைப்பு கட்டுப்பாடானது என்பதால், பழைய குறியேற்றத்தில் அமைந்த தமிழ் உரை தற்செயலாக அந்தக் கட்டுப்பாட்டுக்குள் அடங்குவது மிக அரிது. எனவே இந்தச் சோதனையை நம்பலாம். டிஸ்கியா, டாப்பா என்பதை மட்டும் அந்தக் கட்டளையால் பிரித்தறிய முடியாது. அதற்குக் கோப்பின் சில வரிகளை ஒவ்வொரு குறியேற்றமாகக் கொடுத்து மாற்றிப் பார்த்து, எதில் சொற்கள் பொருளுடன் அமைகின்றன என்று கண்டுகொள்ள வேண்டும்.

திரையில் தோன்றும் சிதைவும் தடயமாகும். மேற்கோடு ஏறிய ஆங்கிலச் சிறிய ‘ஏ’யும், வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ குறியும் மீண்டும் மீண்டும் வந்தால், அது யூடிஎஃப்-8 தமிழ் உரையை மேற்கு ஐரோப்பியக் குறியேற்றமாகத் தவறாகப் படித்ததன் விளைவு. 224, 174 என்னும் பைட்டுகளே அவ்வாறு தோன்றுகின்றன. உரை கெடவில்லை, படிக்கும் முறைதான் கெட்டிருக்கிறது என்பதால், சேமிக்காமல் மூடிவிட்டுச் சரியான குறியேற்றத்தில் மீண்டும் திறந்தால் போதும். எழுத்துகளுக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள் தோன்றி, கோப்பிலும் 63 என்னும் பைட்டே இருந்தால், தமிழை ஏற்காத குறியேற்றத்தில் யாரோ சேமித்துவிட்டார்கள் என்று பொருள். அந்த உரையை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. மூலப் படியைத் தேடுவதே வழி. நோட்பேட் 2019 வரை இயல்பாக ஆன்சி என்னும் குறியேற்றத்திலேயே சேமித்துவந்தது. அதன் எச்சரிக்கையைப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்தால் இந்த இழப்பு நேரிடும்.

மாற்றும் முறை

முதலாவதாக, மூலக் கோப்பின் படியொன்றை எடுத்து, படியிலேயே வேலை செய்ய வேண்டும். இரண்டாவதாக, குறியேற்றத்தை மாற்ற வேண்டும். லினக்ஸிலுள்ள ஐகான்வ் என்னும் கட்டளை டிஸ்கியையும் யூடிஎஃப்-16ஐயும் அறியும். எனவே எதிலிருந்து, எதற்கு என்று இரு பெயர்களையும் கொடுத்தால் அது யூடிஎஃப்-8 கோப்பைத் தந்துவிடும். டாப், டாம், பாமினி, வானவில் முதலியவற்றை அது அறியாது என்பதால், சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வர்ட்டர், இணையத்தில் வழங்கும் பொங்குதமிழ் போன்ற தமிழுக்கென்றே அமைந்த கருவிகளை நாட வேண்டும். மூன்றாவதாக, வரி முடிவைப் போய்ச் சேரும் இடத்துக்கேற்ப மாற்ற வேண்டும்.

உரைத் தொகுப்பான்களில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரு குறியேற்றமாகப் ‘படித்தல்’ என்பதும், ஒரு குறியேற்றத்துக்கு ‘மாற்றுதல்’ என்பதும் வேறு. முன்னது பைட்டுகளைத் தொடாமல் அவற்றுக்குப் பொருள் கொள்ளும் விதத்தை மட்டும் மாற்றுகிறது. பின்னது பைட்டுகளையே மாற்றி எழுதுகிறது. திரையில் உரை சரியாகத் தெரியும் வரை முன்னதையும், தெரிந்த பிறகே பின்னதையும் பயன்படுத்த வேண்டும். சிதைந்து தெரியும் உரையை மாற்றிச் சேமித்தால் சிதைவே நிலையாகிவிடும்.

கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்னும் மூன்று பைட்டுகள் இருந்தால் அவை பைட் வரிசைக் குறி எனப்படும். விண்டோஸில் எக்செல் செயலி தமிழ்ப் பட்டியல் கோப்பை யூடிஎஃப்-8 என்று அறிந்துகொள்ள இந்தக் குறி உதவுகிறது. லினக்ஸ் சர்வரில் இயங்கும் நிரல்களுக்கோ அது இடையூறாகிறது. எனவே எக்செலில் திறக்கவேண்டிய பட்டியலுக்கு அதைச் சேர்ப்பதும், பிறவற்றுக்கு நீக்குவதும் ஏற்ற நடைமுறை.

மாற்றிய பின் பார்க்க வேண்டியவை

கருவி பிழை ஏதும் சொல்லாமல் வேலையை முடித்துவிட்டதால் உரை சரியாக வந்துவிட்டது என்று கொள்ளலாகாது. டிஸ்கியும் பாமினியும் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கின்றன. ‘கே’ என்பதில் ஏகாரக் குறி (167) முன்னும் ககரம் (184) பின்னும் நிற்கும். ஒருங்குறியோ ஒலிக்கும் வரிசையில் ககரத்தை முன்னும் குறியைப் பின்னும் வைக்கிறது. ஆகவே தமிழ்க் குறியேற்ற மாற்றம் என்பது எண்ணுக்கு எண் பதிலியிடுவதோடு முடியாமல், இடம் மாற்றுவதையும் உள்ளடக்குகிறது. பெரும்பாலான நுண்பிழைகள் இந்த இடத்தில்தான் புகுகின்றன.

அவற்றுள் மிகப் பரவலானது ரகரமும் காலும் மாறுவது. பழைய தட்டச்சு முறையிலும் அதைத் தழுவிய எழுத்துருக்களிலும் ‘ர்’ என்பதற்குக் கால் வடிவத்தின் மேல் புள்ளியிடும் வழக்கம் இருந்தமையால், மாற்றிய உரையில் ‘நகர்’ என்பது ‘நகா்’ என்று வந்துவிடுகிறது. இரண்டும் 12 பைட்டுகளே கொண்டவை. பல எழுத்துருக்களில் தோற்றத்திலும் வேற்றுமை தெரிவதில்லை. ஆனால் முன்னதில் 224, 174, 176 என்று இருக்கவேண்டிய இடத்தில் பின்னதில் 224, 174, 190 இருப்பதால், ‘கே.கே. நகர்’ என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. அரசுக் கோப்புகளிலும் நாளிதழ்ப் பக்கங்களிலும் இந்தப் பிழை இன்றும் ஏராளமாகக் காணப்படுகிறது. தமிழில் காலை அடுத்துப் புள்ளி வருவதற்கு இடமே இல்லை என்பதால், கால் + புள்ளி என்னும் இணையைத் தேடி ‘ர்’ என்று மாற்றுவதால் தீங்கு நேராது. ஆனால் அதற்கு முன்பாகவே ‘சோ்ந்த’, ‘நோ்மை’ போன்றவற்றைத் திருத்திவிட வேண்டும். இவற்றில் ஏகாரக் குறியும் போலிக் காலும் இணைந்து ஓகாரக் குறியாகிவிட்டதால், ஓகாரக் குறி + புள்ளி என்பதை ஏகாரக் குறி + ‘ர்’ என்று மாற்றினால்தான் ‘சேர்ந்த’, ‘நேர்மை’ என்னும் சரியான வடிவங்கள் கிடைக்கும். ‘ாி’ என்று வருவதை ‘ரி’ எனவும், ‘ோி’ என்று வருவதை ‘ேரி’ எனவும் திருத்துவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

அடுத்தது ஔகாரம். ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்திய எழுத்துருக்களிலிருந்து மாற்றும்போது ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்றும், ‘ஔவை’ என்பது ‘ஒளவை’ என்றும் ஆகிவிடும். இதை ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றினால் ‘வெள்ளம்’, ‘கெளுத்தி’, ‘ஒளி’ போன்ற சரியான சொற்கள் கெட்டுவிடும் என்பதால், ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும்.

மூன்றாவது, ஒரே எழுத்துக்கு இரு சேமிப்பு முறைகள் இருப்பது. ஒருங்குறியில் ஓகாரக் குறியை 224, 175, 139 என்று ஒரே குறியாகவும், ஏகாரக் குறியும் காலும் அடுத்தடுத்து நிற்கும் இரு குறிகளாகவும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறைமை கோப்புப் பெயர்களை இரண்டாம் முறையிலேயே சேமித்தமையால், ‘கோயில்’ என்று பெயரிட்ட கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுபோனால், அதே பெயரைத் தட்டச்சு செய்தும் கோப்பு கிடைக்காமல் போகும். உரையின் உள்ளே இரு முறைகளும் கலந்திருந்தால் அவற்றை இணைந்த வடிவுக்குக் கொணரும் சீராக்கத்தைச் செய்துகொள்ள வேண்டும்; கோப்புப் பெயர்களை மட்டும் எளிய ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் வைத்துக்கொள்வது, எந்த இயங்குதளத்துக்கும் ஏற்ற நடைமுறையாகும்.

சேமித்து வைத்தல்

மாற்றி முடித்த உரையை யூடிஎஃப்-8 குறியேற்றத்தில், வரி முடிவு 10ஆக, பைட் வரிசைக் குறியின்றிச் சேமிப்பது நெடுநாள் காப்புக்கு ஏற்றது. இன்றைய மூன்று இயங்குதளங்களும் இந்த வடிவைத் தடையின்றித் திறக்கும். மூலக் கோப்பை அழிக்கலாகாது. மாற்றத்தில் புகுந்த பிழை பல ஆண்டுகள் கழித்துத் தெரியவரும்போது, மூலம் இருந்தால் மட்டுமே மீண்டும் தொடங்க முடியும். மூலத்துடன் அது எந்த எழுத்துருவில், எந்தக் குறியேற்றத்தில் இருந்தது, எந்தக் கருவியால் மாற்றப்பட்டது என்னும் மூன்று செய்திகளையும் ஒரு சிறு குறிப்புக் கோப்பில் எழுதி, அந்த எழுத்துருக் கோப்பையும் உடன்வைக்க வேண்டும்.

சென்னையின் டிடிபி நிலையங்களிலும் பதிப்பகங்களிலும் 1990களிலும் 2000களிலும் தட்டச்சாகி, குறுந்தகடுகளிலும் பழைய வன்தட்டுகளிலும் தங்கிவிட்ட தமிழ் உரைகள் இன்றும் உள்ளன. அவற்றுள் மறுபதிப்பே காணாத நூல்களும் அடங்கும். அந்தக் குறியேற்றங்களை அறிந்த கருவிகளும், அவற்றைக் கையாண்டு பழகிய மனிதர்களும் இருக்கும்போதே இந்த வேலையைச் செய்துவிட வேண்டும். ஒரு நிலையம் தன்னிடமுள்ள பழைய கோப்புகளைப் பட்டியலிட்டு, மறுபதிப்பு இல்லாதவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, மேற்சொன்ன வரிசையில் மாற்றி, ஒவ்வொரு கோப்பிலும் சில பக்கங்களையேனும் அச்சுப் படியுடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால், அந்த உரை இனி எந்த இயங்குதளத்திலும் திறக்கும்; தேடினால் கிடைக்கும்.